மண்ணைத் தொட்டுச் சொன்ன பேர்

தங்கச் சுரங்கத்துக் கூலிவீட்டு வரிசையான மாரிக்குப்பம் லைன்காரர்களுக்குக் காணும் பொங்கல் என்றால் கம்புச் சண்டைதான். மற்ற ஊர்களில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். இங்கே ஆறு ஏது? கல்லை அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரன் கொட்டிவிட்ட வெள்ளை மண்மேடுதான் உண்டு. அந்த மேட்டுக்குப் பின்னால் ஒரு பொட்டல். தை மாதக் காற்று மேட்டு மண்ணை அள்ளி வந்து வாயில் போடும்; பொங்கல் தின்ற வாய் நறநற என்னும். அதைத் துப்பிவிட்டு, இடம் போய்விடப் போகிறதே என்று காலையிலேயே வந்து குந்திக்கொள்வார்கள்.

அந்தப் பொட்டலுக்கு ஒரு சட்டம் இருந்தது. கம்பு எடுக்கிறவன் முதலில் குனிந்து ஒரு சிட்டிகை மண் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தனக்குக் கற்றுக்கொடுத்தவன் பெயரைக் கூட்டத்துக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும், ‘இன்னார் வழி’ என்று. ஒரே ஓர் அடி கற்றுக்கொடுத்தவன் என்றாலும் அவன் பெயரும் வர வேண்டும். மறைத்தது தெரிந்தால் கம்பை முழங்காலில் வைத்து முறித்து, தோள்துண்டை இடுப்பில் கட்டச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த வீட்டு ஆண்பிள்ளை எவனும் அங்கே கால் வைக்க முடியாது. வட ஆற்காட்டிலிருந்து பஞ்சம் பிழைக்க மூட்டை கட்டியபோது சட்டிபானையோடு சேர்த்து எடுத்துவந்த சட்டம் அது. பூமிக்குக் கீழே வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தை ஏமாற்றியவர்கள் லைனுக்கு லைன் இருந்தார்கள். இதை யாரும் ஏமாற்றியதில்லை. ராஜப்பா ஏமாற்றினான்.

ராஜப்பா கெட்டவன் இல்லை. குடியாத்தத்துப் பக்கத்துக்காரன். சுரங்கத்து லெவலில் மேற்பாறை உட்கார்ந்துவிடாமல் முட்டுக்கட்டை நிறுத்துகிற மரக் கேங்கில் அவனுக்கு வேலை. சின்ன வயதில் தாய்மாமன் முனிரத்தினம் வாத்தியாரிடம் கம்பு பழகியவன். பழகினானே தவிர, சுமார்தான். உரிகம் லைன் சின்னசாமியிடம் வருஷா வருஷம் விழுவான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, சிரித்தபடியே வீட்டுக்குப் போவான். மனைவி ரத்தினம்மா முதுகுக்கு வெந்நீர் ஊற்றுவாள். இப்படி ஆறு பொங்கல் போயின. அந்தச் சிரிப்பு பல்லோடு நிற்கிற சிரிப்பு என்று ரத்தினம்மாவுக்கு மட்டும் தெரியும்.

மரக் கேங்கின் ஆச்சாரி ஒரு சீனாக்காரர். ஆ கீ என்று பெயர். கப்பலில் தச்சுவேலை பார்த்தவர், மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கி, ராயபுரத்துப் பெண் பாக்கியவதியைக் கட்டிக்கொண்டு, தங்கம் தோண்டுகிற இடத்தில் மரவேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு வந்தவர். லைன் முழுக்க அவரைச் சீனாச்சாரி என்றே கூப்பிடும். தமிழ் நன்றாகவே பேசுவார், ஆனால் அளந்துதான் பேசுவார். ஈரப் பலகைமேல் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நின்றாரானால் நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசைய மாட்டார். தலைக்கு மேலே கட்டை தொங்கும்போது அப்படி நிற்கத் தெரியாதவன் ஆப்பு அடிக்கக் கூடாது என்பார்.

ஆறாவது பொங்கல் கழிந்து வந்த ஆடியில் ஒரு கட்டை உருண்டு வந்து ராஜப்பாவின் வலது தோளைக் கழற்றிவிட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவனைச் சேற்றிலேயே படுக்கவைத்து, அக்குளில் குதிகாலை ஊன்றிக் கையை இழுத்து, மூட்டை உட்காரவைத்தவர் ஆ கீ. கட்டுப் போட்டிருந்த நாட்கள் முழுக்கப் பாக்கியவதி தவிட்டு மூட்டையைச் சுடவைத்து எடுத்துவந்து ஒத்தடம் கொடுத்தாள். கட்டு அவிழ்த்ததும், தினமும் சிப்டுக்கு முன்னால் தச்சுக் கொட்டகைக்கு வரச் சொன்னார் ஆ கீ. முழங்காலை மடக்கி நில். கையை வட்டமாகச் சுற்று. மூச்சை அடிவயிற்றில் வை. தோள் கொஞ்சம் தேறியதும் ஒரு பலகையை எடுத்து அவனைத் தள்ள ஆரம்பித்தார். பலகையோடு மல்லுக்கு நின்றால் உயிர் போகிற வலி. இடுப்பைத் திருப்பி, பலகையை அதன் போக்கில் போகவிட்டு, அது போன இடைவெளியில் காலை உள்ளே வைத்தால் வலியில்லை. வலிக்குப் பயந்தே ராஜப்பா அதைக் கற்றுக்கொண்டான். களியும் கருவாட்டுக் குழம்பும் எடுத்துவரும் ரத்தினம்மா, மீசை வைத்த இரண்டு ஆண்கள் பலகையோடு தள்ளுமுள்ளு ஆடுவதைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

பலகை வருகிற இடத்தில் கம்பு வந்தாலும் இதேதானே என்று ராஜப்பாவுக்கு மார்கழியில் ஒருநாள் உறைத்தது. ஆ கீயிடம் சொன்னான். அவர் உளியைத் தீட்டிக்கொண்டே, “ஆமா, எங்க மாமன் எனக்கு அடிக்கத்தான் சொல்லிக்குடுத்தாரு. உனக்குத் தோளுக்காச்சேன்னு குடுத்தேன்” என்றார்.

ஊருக்கு ரயில் வந்து நாலாவது வருஷக் காணும் பொங்கல் அது. ராஜப்பா குனிந்து மண்ணெடுத்தான். குடியாத்தம் முனிரத்தினம் வாத்தியார் வழி என்று சொன்னான். அடுத்த பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சீனாச்சாரி என்று சொன்னால் கூட்டம் சிரிக்குமே என்று தோன்றியது. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. சிரிப்புக்குப் பயந்து ஒரு மனுஷனின் பெயரை விழுங்கிவிட்டான்.

சின்னசாமியின் கம்பு தலைக்கு வந்தது. ராஜப்பா தாழ்ந்தான், இடுப்பு தானாகத் திரும்பியது, கம்பு காற்றோடு போயிற்று, கால் உள்ளே போயிற்று. சின்னசாமி மல்லாந்து கிடந்தான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை சின்னசாமி வேண்டுமென்றே நிதானமாக வந்தான். அப்போதும் விழுந்தான். மாரிக்குப்பம் லைன் எழுந்து நின்று கூவியது. பரிசுக்கு வைத்திருந்த பித்தளை அண்டாவை இரண்டு பேர் அப்போதே தூக்கிவிட்டார்கள்.

உரிகம் லைன்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இது கம்பு இல்லை, சீனா அடி. தச்சுக் கொட்டகையில் இவன் சீனாக்காரனோடு ஆடியதைப் பார்த்த ஆள் இருக்கிறது என்று ஒரே கூச்சல். சின்னசாமி மட்டும் கத்தவில்லை. அண்டாவை இறக்கச் சொல்லிவிட்டு ராஜப்பாவிடம் வந்தான்.

“நான் வுழுந்தது வுழுந்ததுதான், அதுல பேச்சில்ல. ஆனா இத்த உனுக்கு யாரு குடுத்தாங்க? மண்ண நீ மறுக்கா தொட்டுச் சொல்லு. மறந்துட்டேன்னு சொல்லு, நான் ஒத்துக்கறேன். அண்டா உன்னுதுதான்.”

எதிராளி இவ்வளவு பெரிய வாசலைத் திறந்துவிடுவான் என்று ராஜப்பா எதிர்பார்க்கவில்லை. குனிந்தால் போதும். குனியத்தான் போனான். அதற்குள் தாமோதரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

தாமோதரன் சுரங்கத்து டைம் ஆபீஸில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டர். மூன்று வருஷம் பினாங்கில் கடைக்கணக்கு எழுதியவர். வாயைத் திறந்தால் பினாங்குதான். சும்மா இருக்கிற நேரத்திலும் பினாங்கைப் பற்றித்தான் சும்மா இருப்பார். கெட்ட எண்ணம் கிடையாது. தான் சொல்வதை முதலில் நம்புகிறவர் அவர்தான்.

அவர் கையை உயர்த்திக் கூட்டத்தை அடக்கினார். சீனா அடி என்று ஒன்று தனியாக உண்டா என்று கேட்டார். பினாங்கில் சீனாக்காரர்களே தன்னிடம் சொன்னார்களாம், அவர்கள் கைச்சண்டைக்கு மூலகுரு காஞ்சிபுரத்திலிருந்து கப்பலேறிப் போன சாமியார் என்று. அப்படியானால் ராஜப்பா ஆடியது சீனாவிடமிருந்து வாங்கியதில்லை. சீனா நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டு போனது. முனிரத்தினம் வாத்தியார் கையில் இருந்ததும் அதே சொத்துதான். சந்தேகம் இருந்தால் அந்த ஆச்சாரியையே கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்.

ஆள் ஓடியது. ஆ கீ சோற்றுக் கையைக் கழுவியும் கழுவாமலும் வந்தார். பின்னாலேயே பாக்கியவதியும் வந்து பெண்கள் பக்கம் நின்றாள். தாமோதரன் கோர்ட்டு வக்கீல் மாதிரிக் கேட்டார்.

“உங்க சண்டைக்கு மூலகுரு யாரு? எங்கேருந்து வந்தாரு? பயப்படாம சொல்லு.”

“கெழவங்க ஒரு கதை சொல்லுவாங்க. தெக்கேருந்து ஒரு சாமியாரு கப்பல்ல வந்தாரு, செவுத்தப் பாத்து ஒம்பது வருசம் ஒக்காந்தாரு, அவரு குடுத்ததுன்னு. சில பேரு அதெல்லாம் இல்லம்பாங்க. எனக்குத் தெரியாதுங்க.”

பின்பாதி யார் காதிலும் விழவில்லை. தெற்கு என்ற சொல்லிலேயே மாரிக்குப்பம் லைன் எழும்பிக் குதித்தது. காஞ்சிபுரம், காஞ்சிபுரம் என்று சத்தம். உரிகம்காரர்களுக்கும் உள்ளுக்குள் இனித்தது. நேற்றுவரை திசை தெரியாத தேசத்துக்கு நம் பாட்டன் வாத்தியார் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? சின்னசாமி ஒருவன்தான், நான் கேட்டது அது இல்லை, இவனுக்கு யார் கொடுத்தது என்றுதானே கேட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

தாமோதரனுக்கு அது போதவில்லை. மத்தியஸ்தருக்கென்று வைத்திருந்த வெற்றிலைத் தட்டை எடுத்து ஆ கீயின் கையில் கொடுத்தார். குருவீட்டு ஆள் ராஜப்பா எதிரில் நிற்கிறான், முறையாக வைத்துக் கும்பிடு என்றார்.

ஆ கீ தட்டைப் பார்த்தார். பிறகு ராஜப்பாவைப் பார்த்தார். ராஜப்பா தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தான். எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது கட்டி முடிவதாயில்லை.  ஆ கீ இரண்டு கையாலும் தட்டை நீட்டி, இடுப்புவரை குனிந்தார்.

ராஜப்பா வாங்கினான். வாங்கும்போது வலது கை பாதியிலேயே நின்றது, மேலே எழவில்லை. ஆ கீ அதைக் கவனித்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“தோளு வலிக்குதா?”

ராஜப்பாவுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அந்தப் பெரிய அண்டாவை இரண்டு பேர் தலைமேல் வைத்து ஊர்வலம் விட்டார்கள். அந்த அண்டாவுக்குள் தன்னை உட்காரவைத்து மூடிவிட்டால் தேவலை என்று நினைத்தபடி நடந்தான்.

வீட்டில் ரத்தினம்மா அண்டாவை வாங்கி மூலையில் கவிழ்த்துவைத்தாள். தண்ணீர் பழைய மண்பானையிலேயே இருந்தது. அவன் துண்டிலிருந்து வெற்றிலை எட்டிப் பார்த்தது. அவள் சுண்ணாம்பு டப்பியை அவன் முன்னால் வைத்தாள்.

“வெத்தலை வாங்கின குரு மெல்லணும். அதான மொறை? மெல்லு.”

அவன் ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பைக் கிள்ளினான். சுண்ணாம்பு தடவினான். வாய்வரை கொண்டுபோனான். அதற்குமேல் கை போகவில்லை.

“கம்ப முறிச்சிருப்பாங்க ரத்தினம்” என்றான்.

“முறிக்கட்டுமே. காட்டுல வேற மூங்கிலு இல்லியா?”

சொல்லிவிட்டு அவள் அழுதாள். ஆனால் அவளும் சுத்தமாக இருந்துவிடவில்லை. மறுநாள் தண்ணீர்த் தொட்டியில் பெண்கள் பாக்கியவதியைச் சூழ்ந்துகொண்டார்கள். உன் வீட்டுக்காரர் எங்கள் ராஜப்பாவுக்குச் சிஷ்யனாமே, குருவீட்டம்மா நிற்கிறாள், முதல் குடம் அவளுக்கு விடு என்று கேலி. பாக்கியவதி திரும்பி ரத்தினம்மாவைப் பார்த்தாள். தவிட்டு ஒத்தடம் கொடுத்த கை அது. ரத்தினம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் மானம் போய்விடுமே என்று தன் குடத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பாக்கியவதி அரைக்குடத்தோடு போய்விட்டாள். அன்றிலிருந்து மத்தியான வெயிலில், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் தண்ணீருக்கு வந்தாள்.

பேச்சு நாளுக்கு நாள் வளர்ந்தது. காஞ்சிபுரத்து அடி என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. பஜாரில் ஆ கீயைப் பார்க்கிறவன் எல்லாம், குருவுக்குக் கும்பிடு போட்டாயா என்று கேட்டான். அவரும் போட்டேன் என்று சொல்லிவிட்டுத் தன் கருவாட்டையோ வெங்காயத்தையோ வாங்கிக்கொண்டு போவார். ராஜப்பாவிடம் பழக வருகிறேன் என்று ஆட்கள் வந்தார்கள். தோள் சரியில்லை என்று சொல்லி அனுப்பினான். அந்த ஒன்றுதான் அவன் சொன்ன நிஜம்.

பூமிக்குக் கீழே போனால் தப்பிக்கலாமா? அங்கேதான் பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆள் இறக்கும் கேஜில் தோளோடு தோள் உரசிக்கொண்டு இறங்க வேண்டும். ஆ கீ எப்போதும்போல் கட்டையைப் பிடி, ஆப்பு கொடு, காலைத் தாழ்த்து என்பார். கோபம் காட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மாசி மாதம் ஒருநாள், மற்றவர்கள் கட்டை எடுக்கப் போயிருந்த சமயம், இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். சுவரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக ‘நீ’ என்று பேசியவன் அன்றைக்கு ‘நீங்க’ என்று ஆரம்பித்தான்.

“இன்னாத்துக்கு ஆச்சாரி அந்தத் தட்டக் குடுத்தீங்க? நான்தான் குடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உன் கம்ப முறிப்பாங்க. உரிகம் ஆளுங்க அடிப்பாங்க. தோளு இன்னும் முழுசாக் கூடல. மறுபடி கழண்டா நானே வெச்சாலும் நிக்காது.”

“எனுக்கு வெக்கமாக்கீது.”

ஆ கீ ஆப்பை ஓரமாக வைத்துவிட்டுப் பலகைமேல் உட்கார்ந்தார்.

“ரைட்டரு காஞ்சிபுரம்ங்கறாரு. இருக்கட்டும். எங்க ஊர்ல நாங்கதாம்பாங்க. அதுவும் இருக்கட்டும். ஆயிரம் வருசத்துக்கு முந்தி யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எங்க மாமன் குடுத்தாரு. அது தெரியும். உனக்கு நான் குடுத்தேன். அதுவும் தெரியும். இந்த ரெண்டுதாம்ப்பா தெரியும். அதுல ஒண்ணத்தான் நீ இல்லேன்னுட்ட.”

ராஜப்பா சேற்றில் அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் காலை இழுத்துக்கொண்டார். இங்கே இருட்டில் எதற்கு என்றார். வருகிற பொங்கலுக்குப் பொட்டலில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன் என்றான் ராஜப்பா. சொல்லு, இருந்தால் வந்து கேட்கிறேன் என்றார் அவர்.

அவர் இருக்கவில்லை. வைகாசியில், ராஜப்பா சிப்டில் இருந்தபோது, ஆ கீயும் பாக்கியவதியும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறிப் போய்விட்டார்கள். பெங்களூர் பட்டாளத் தண்டில் நாற்காலி மேஜை செய்கிற கடையில் வேலையாம். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ராஜப்பா வீட்டு வாசலில் மட்டும் தவிட்டு மூட்டை இருந்தது. புதுத் தவிடு போட்டு, புதுத் துணியில் தைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் தோள் வலிக்கும் என்று பாக்கியவதிக்குத் தெரியும். ரத்தினம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுவருஷம் தை வந்தது. பொட்டல் நிறைந்திருந்தது. ராஜப்பா வெறுங்கையோடு நடுவில் வந்தான். கம்பு கொண்டுவா என்று கூவினார்கள். அவன் குனிந்து, ஒரு சிட்டிகை போதாது என்று கை நிறைய மண்ணை அள்ளிக் கண்ணில் வைத்துக்கொண்டான். வெள்ளை மண் கண்ணை அறுத்தது.

“எனுக்கு இந்த அடியச் சொல்லிக்குடுத்தது சீனாச்சாரி ஆ கீ. நான் அவரு வழி. போன வருசம் பேர மறைச்சிட்டேன். என் கம்ப முறிங்க.”

 சொல்லிவிட்டு ஒரு மூச்சு விட்டான். ஒரு வருஷமாக விடாத மூச்சு. அதற்குள் தாமோதரன் எழுந்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“பாத்தீங்களா? தன்கிட்ட வெத்தலை வெச்சுக் கும்பிட்ட ஆளையே குருன்னு சொல்றான். வித்தை வந்தா அடக்கமும் கூட வரும்னு இதத்தான்யா சொல்றது.”

கூட்டம் கைதட்டியது. ராஜப்பா இல்லை இல்லை என்று கத்தினான். கத்தக் கத்தக் கைதட்டல் கூடியது. மண்டியிட்டான், தூக்கி நிறுத்தினார்கள். சாட்சிக்குச் சின்னசாமியைத் தேடினான். சின்னசாமி வந்துதான் இருந்தான். அவன் ராஜப்பாவைப் பார்த்துவிட்டு, போன வருஷமே சொல்லியிருக்கக் கூடாதா என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அப்புறம் ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் வந்தவன் வேலு. கல் அள்ளுகிற கேங்கில் வேலை பார்க்கும் வாட்டசாட்டமான ஆள். போன வருஷம் ராஜப்பா ஆடியதைக் கண்ணால் பார்த்தே பழகிக்கொண்டவன். அவன் பயபக்தியோடு குனிந்து மண்ணெடுத்து ஒற்றிக்கொண்டான். காஞ்சிபுரம் வழி, ராஜப்பா வாத்தியார் வழி என்று மேடெல்லாம் கேட்கச் சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்ததைச் சொன்னான். இனி அவனிடம் பழகுகிறவனும் அதையேதான் சொல்லப்போகிறான்.

பெண்கள் பக்கமிருந்து ரத்தினம்மா எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். ராஜப்பா அவள் பின்னால் போனான். லைன் முழுக்கப் பொட்டலில் இருந்ததால் பாதையில் ஆள் இல்லை. காற்று எதிரே அடித்தது. தச்சுக் கொட்டகையைத் தாண்டும்போது அவன் நின்றான்.

“ஆ கீ ஆச்சாரிதான் ரத்தினம் எனுக்குச் சொல்லிக்குடுத்தாரு.”

அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

“அத்த எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? எனுக்குத்தான் தெரியுமே.”